பத்து மில்லிமீற்றர்

மீற்றர் வாசிக்கிறவன் நான்.
காரைதீவு, மாளிகைக்காடு, நிந்தவூர்.
மதிலுக்கு மேலால் எட்டியும்
நாய் குரைக்கக் குரைக்கவும்
இலக்கம் எழுதிக்கொண்டு போகிறவன்.
ஒன்பது வருடமாய் என்னைச் சுமந்த பைக்கின்
பின்டயரில் இருந்த இலக்கத்தை மட்டும்
வாசித்ததேயில்லை.

முனாஸ்தீனின் கடையில்
தேய்ந்த டயரைக் கழற்றி வெயிலில் சாத்தியபோதுதான்
குனிந்து பார்த்தேன்.
120/80-17.
நூற்றிருபது மில்லிமீற்றர் அகலம்,
உயரம் அதில் நூற்றுக்கு எண்பது,
ரிம் பதினேழு அங்குலம்.

"நூற்றைம்பது போடு" என்றேன்.
சொன்னது என் வாய்தானா என்று
எனக்கே சந்தேகம்.

கட்டாரிலிருந்து வந்த மைத்துனன் றொஷாந்தன்
வாங்கிய பைக்கின் பின்டயர்
எருமையின் பிடரி மாதிரி.
கல்யாண வீட்டு வாசலில் அதற்குப் பக்கத்தில்
என்னுடையது
காய்ச்சல் விட்டு எழும்பியவன் போல் நின்றது.
அதை நான் முனாஸ்தீனுக்குச் சொல்லவில்லை.

அவன் சிரிக்கவுமில்லை.
ரிம்முக்குக் குறுக்கே அளவுநாடாவை வைத்தான்.
"ரெண்டரை அங்குலம், சேர்.
இதுக்குள்ள நூற்றம்பத நெரிச்சா
முட்டையப் போல கூம்பும்.
நடு மட்டும் றோட்டில, மிச்சமெல்லாம் ஷோ.
செயினும் உரசும்.
போட ஒண்ணா எண்டு சொல்லல்ல. காசு உங்கட."

பிளேன்ரீ வந்தது. கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.
எங்கோ ஒரு ஊரில், ஏசி போட்ட அறையில்,
இந்த நூற்றிருபதுக்காக
யாரெல்லாம் சண்டை பிடித்திருப்பார்கள்?
விற்கிறவன் கேட்டிருப்பான்: இன்னும் தடிப்பாக,
ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே ஆள் நிற்கவேண்டும்.
பெற்றோல் கணக்குப் பார்க்கிறவள்
தலையை ஆட்டி மறுத்திருப்பாள்.
ஓட்டிப் பார்க்கிறவன், முழங்கையில் தழும்புள்ளவன்,
அகலம் கூடக் கூட
அதே வளைவுக்கு இன்னும் சரியவேண்டி வரும் என்று
உள்ளங்கையைச் சரித்துக் காட்டியிருப்பான்.
செயினுக்கு இடம் விடச் சொல்லி
ஒருவர் பென்சிலால் கீறியிருப்பார்.
பாரம் எவ்வளவு என்று யாரோ கேட்டிருப்பார்.
இரண்டு பேர், என்று எழுதியிருப்பார்கள்.
டாங்கியில் இருக்கும் என் மகளையும்
அவள் புத்தகப் பையையும்
பின்னால் விஜிதாவையும்
அவள் மடியில் அரிசி மூடையையும்
அவர்களுக்குத் தெரியாது.
தெரியாமலே எங்களுக்கும் சேர்த்துத்தான்
ஒரு அகலம் வெட்டியிருக்கிறார்கள்.

"கூட அகலமெண்டா றோட்டைக்
கூடப் பிடிக்குமே?" கடைசியாய் ஒருமுறை முயன்றேன்.
அவன் கிறீஸ் படிந்த கையை
மேசையில் நீளவாக்கில் வைத்தான்.
பிறகு குறுக்காகத் திருப்பினான்.
"பாரமும் காற்றும் அதேதானே, சேர்.
தொடுற இடமும் கிட்டத்தட்ட அதேதான்.
நீட்டுக்குக் கிடந்தது குறுக்குக்குக் கிடக்கும்."

எனக்கு இது புதிதில்லை.
மூன்று குமிழ் எரிகிற வீட்டிலும்
மூன்று ஏசி ஓடுகிற வீட்டிலும்
நான் வாசிக்கிற பெட்டி ஒரே பெட்டிதான்.
ஆனாலும்.

"நூற்றிமுப்பது?"
அவன் ரிம்மைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"தாங்கும். அதுக்கு மேல ஒண்ணா."
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கூடக் கேட்டான்.
கொடுத்தேன்.

கடற்கரை வீதியில் மணல் ஏறிக் கிடந்தது.
எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும்போது
பைக் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சரிந்தது,
முன்பு அப்படி யோசித்ததில்லை.

விஜிதா வாசலில் நின்றாள்.
"டயர் மாத்தப் போறனெண்டு போனீங்க.
மாத்தல்லயா?"

இரவு, எல்லாரும் படுத்த மறுகா
டோர்ச் அடித்துக் குனிந்து வாசித்தேன்.
130/70-17.
பழக்கத்தில் கை
சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.